பலகத்தில் ஒரு மீன்

காணி உறுதியைத் தேடி அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறியபோது சதுரமான மட்டை உறை ஒன்று கையில் அகப்பட்டது. உள்ளே ஓர் இறுவட்டு. உறையின் மேல் உபுண்டு என்ற எழுத்தும், மூன்று பேர் கைகோத்து வட்டமாய் நிற்பதுபோன்ற அதன் சின்னமும். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. மூக்கருகே கொண்டுபோனேன். கற்பூர உருண்டையின் நெடிதான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, சூடேறிய கணினிப் பெட்டியும் மழைக்கு ஊறிய சுண்ணாம்புச் சுவரும் யன்னலுக்கு வெளியே ஆற்றுச் சேறும் கலந்த ஒரு பழைய வாசம் எழுந்து வந்தது. உறுதியை மறந்து நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு என்று நாங்கள் சொல்வது மட்டக்களப்பு வாவியைத்தான். 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் அந்த நீருக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை. சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் காடுமாய் விரிவது படுவான்கரை. சூரியன் படும் கரை. கிழக்கு, மேற்கு என்று சொல்லாமல் கரையைச் சொல்லியே திசை பழகினோம். நான் கணினி பழகியதும் எழுவான்கரையில்தான், ஆற்றைப் பார்த்த ஒரு சின்ன மண்டபத்தில்.

அந்த நாளில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் இறுவட்டை யார் கேட்டாலும் தபாலில் அனுப்பிவைப்பார்கள். பெயரும் முகவரியும் கொடுத்தால் போதும், தபாற்செலவும் அவர்களுடையது. கொமியூனிகேஷன் கடையில் நிமிடத்துக்குக் காசு கொடுத்து இணையம் பார்த்த எங்களுக்கு, ஏறத்தாழ 700 மெகாபைட் உள்ள ஒன்றைப் பதிவிறக்குவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆகவே தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருந்தோம். 2011 இல் அந்த வழக்கம் நின்றுபோனது. கடைசியாக வந்தவற்றில் ஒன்றுதான் இப்போது என் மடியில் கிடந்தது.

மண்டபத்தில் ஆறு கணினிகள். எங்கோ வெளிநாட்டில் பாவித்து ஓய்ந்தவை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் மாலையில் வந்து சொல்லித் தருவார். சுனாமிக்குப் பிந்திய வருடங்கள் அவை. காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிந்து தேடுவதற்கு, இலங்கையின் மென்பொருளாளர்கள் சேர்ந்து 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருளை அழிவு நடந்த கையோடு எழுதினார்கள். முதல் வகுப்பில் அண்ணன் அந்தக் கதையைத்தான் சொன்னார். "எங்கட நாட்டில எழுதினது. இனி உலகத்தில எங்க வெள்ளம் வந்தாலும் அவங்க எடுத்துப் பாவிக்கலாம், திறந்து பாக்கலாம், தங்களுக்கு ஏத்தமாதிரி மாத்தலாம்." பாவிக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம் என்று மூன்று விரலை மடக்கினார். மூன்றாவது விரலின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வகுப்பில் விளங்கியது. திரையில் இருந்தது உபுண்டுவின் முகமான க்னோம் 2. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மேலே இடது மூலையில் மூன்று மெனுக்கள், வலது மூலையில் மணிக்கூடு. கீழே, திறந்திருக்கும் சாளரங்களின் பெயர்கள். பெனல் என்பார்கள் அந்தப் பட்டைகளை. அண்ணன் மேல் பெனலின் வெறும் இடத்தில் சுட்டியின் வலப்பக்கத்தை அழுத்தினார். சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. "இத எங்க வைக்க விருப்பம் உங்களுக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கம். தடிப்பு எத்தனை புள்ளி என்று ஓர் எண். வேலையில்லாதபோது ஒளிந்துகொள்ள வேண்டுமா என்று ஒரு கட்டம். நிறம் என்ன, பின்னால் இருப்பது எவ்வளவு தெரிய வேண்டும் என்று இன்னொரு பக்கம். பெனலில் குந்தியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு உண்டு. அதை எடுத்துவிட்டால் பிடித்து இழுத்து விரும்பிய இடத்தில் விடலாம். அதற்கு முன் நான் தொட்ட கணினிகளில் எதையாவது இடம் மாற்றினால் ஏச்சுத்தான் விழும். எங்கே வைக்க விருப்பம் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. முகாமிலிருந்து வந்த ஒருத்திக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று கேட்ட அண்ணனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

எங்கள் கல்லடி வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு முகாமில் இருந்த எங்களுக்குத் திராய்மடுவில் வீடு கிடைத்திருந்தது. ஒரே அளவு, ஒரே அச்சு. கட்டித் தந்தவர்கள் நல்ல மனதோடுதான் தந்தார்கள். ஆனால் குசினித் தட்டு அம்மாவின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அடுப்பு மூலை வாடைக்காற்று நேரே வந்து மோதும் பக்கம். வந்த புதிதில் அம்மா ஒவ்வொரு வேளையும் உப்பைத் தேடினா. பிறகு ஒருநாள் தச்சுவேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தட்டை இறக்கி, அடுப்பை மறுபக்கம் மாற்றி, போத்தல்களைத் தன் எண்ணப்படி வரிசையாக வைத்தா. அந்த வகுப்பு முடிந்து நான் வந்த அன்று ஊரில் கரண்ட் இல்லை. இருட்டில் நீட்டிய அம்மாவின் கை நேரே உப்பில் போய் நின்றது. "எங்க இரிக்கெண்டு கண்ணுக்குத் தெரிஞ்சு போதாது புள்ள. கைக்குத் தெரியணும்" என்றா.

அன்று மாலை வகுப்பில் பார்த்ததும் அதுதான் என்று அந்த இருட்டில் எனக்குப் பட்டது. மெனு எங்கே என்று கண் தேடிக்கொண்டிருக்கும் வரை கணினி அந்நியர் வீடு. கை தானாகப் போய் நிற்கத் தொடங்கும் நாளில் அது நம்முடைய வீடு.

நான் என் கணினியின் மேல் பெனலை எழுவான்கரை என்றும் கீழ்ப் பெனலைப் படுவான்கரை என்றும் எனக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். வேலை தொடங்கும் இடம் மேலே. தொடங்கிப் பாதியில் விட்டவை வந்து சாயும் இடம் கீழே. நடுவில் விரிந்த நீலத் திரை எங்கள் ஆறு. சுட்டி அதில் போய்வரும் பாதை. வெளியூரார் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவைக்கும் அதுவே பெயர். மண்முனையிலும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் பாதைக்காகத் துறையில் காத்து நின்றே எங்கள் நாட்கள் கழிந்தன. மண்முனைக்கு 2014 இல் பாலம் வந்தது.

பெனலில் புதிதாக என்ன சேர்க்கலாம் என்று கேட்டால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். காலநிலை, அகராதி, சுட்டி போகும் பக்கம் உருளும் இரண்டு கண்கள். அதன் நடுவில் ஒரு மீன் இருந்தது. வாண்டா என்று பெயர். பெனலில் விட்டால் அந்தச் சின்ன இடத்துக்குள் வாலை ஆட்டியபடி நிற்கும். அழுத்தினால் ஒரு பழமொழியோ அறிவுரையோ சொல்லும். "மீன் பேசுது டீச்சர்!" என்று, பிறகு நான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு பிள்ளை கத்தும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மீன் பேசுவது புதுமையல்ல, பாடுவதே தெரியும். மீன் பாடும் தேனாடு என்று பெயர் எடுத்த ஊர். முழுநிலா இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்தால் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் 1848 இல் இங்கே வந்து அந்த ஒலியைத் தானே கேட்டு எழுதிவைத்தார். ஊரி என்ற நத்தைதான் பாடுகிறது என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்களாம். விபுலாநந்த அடிகள் 'நீரர மகளிர் இன்னிசைப் பாடல்' என்று ஒரு பாடலே இயற்றினார். இத்தனைக்கும் நடுவில், மெக்சிக்கோ நாட்டு இளைஞர் இருவர் 1997 இல் தொடங்கிவைத்த இந்த க்னோம் திரைக்குள் மீன் ஒன்று எங்களுக்காகக் காத்திருந்ததை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவே இல்லை. அதை எங்கள் ஆற்று மீனாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த மீனுக்கு ஒரு மறைவான கதவும் உண்டு. ஆல்ற் விசையோடு எஃப் 2 ஐ அழுத்தினால் வரும் பெட்டியில், மீனை விடுதலை செய் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களை எழுத வேண்டும். வாண்டா திரை முழுக்க நீந்தத் தொடங்கும். தொடப் போனால் விலகி ஓடும். அண்ணன் அதைக் கடைசி வகுப்பில்தான் காட்டினார்.

2007 இல் படுவான்கரையில் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆற்றைக் கடந்து எங்கள் பக்கம் வந்தன. மண்டபத்துக்குப் புதிய பிள்ளைகள் வந்தார்கள். ஆங்கிலம் அவர்களுக்குத் தடையாக இருந்தது. அண்ணன் கொழும்புக்குப் போய் தமிழ் மொழிப் பொதியைக் கொண்டுவந்து ஆறு கணினிகளிலும் போட்டார். பெனல் பலகம் ஆனது. மெனு பட்டி ஆனது. ஒரு பையன் எழுந்து நின்றான். "பட்டியெண்டா மாடு அடைக்கிற இடம்தானே டீச்சர்?"

அவன் வீட்டில் பட்டி இருந்தது, விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வகுப்பு சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. யோசித்தபடியே நின்றான். பிறகு முன்னால் வந்து பட்டியை அழுத்தினான். பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. "விடியக்காத்தால கடப்பைத் திறந்தா மாடு இப்பிடித்தான் வரிசையா வரும்" என்றான். எங்கோ இருந்து அந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் பட்டியலை நினைத்துத் தேர்ந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மெனு விளங்கியது கடப்பு வழியாகத்தான். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் மெனுவைத் திற என்று யாரும் சொன்னதில்லை. கடப்பைத் திற என்பார்கள்.

விபுலாநந்தரின் சமாதி கல்லடியில், எங்கள் பழைய வீட்டிலிருந்து நடக்கும் தூரம். பாட்டு எழுதிய அவர்தான், தமிழில் அறிவியலைச் சொல்ல முடியும் என்று நம்பிச் சென்னையில் கலைச்சொல் ஆக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அந்தக் கலைச்சொற்கள் 1938 இல் நூலாக வந்தன. சொல்லை ஆக்குவது ஒரு வேலை. அது ஒரு பிள்ளையின் வாயில் வீட்டுச் சொல்லாக மாறுவது இன்னொரு வேலை. இரண்டாவதை நான் கண்ணால் கண்டேன்.

மூன்று மெனுக்களில் ஒன்றுக்கு 'இடங்கள்' என்று பெயர். கோப்புகள் இருக்கும் இடங்கள் அதில் வரும். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் தங்கள் கோப்புறைகளுக்கு ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, பன்சேனை. அவற்றை இடங்கள் பட்டிக்குள் வரும்படி செய்து கொடுத்தேன். கடப்பைத் திறந்தால் ஊர்கள் வரிசையாக வந்தன.

ஒருநாள் அவர்களில் ஒரு சிறுமி மேல் பலகத்தைத் தவறுதலாக அழித்துவிட்டாள். மெனு இல்லை, மணிக்கூடு இல்லை, அவள் ஊர் இல்லை. அழத் தொடங்கினாள். நான் முனையத்தைத் திறந்து, பலகம் பற்றிச் சேமித்த அமைப்பு முழுவதையும் மறந்துவிடச் சொல்லும் ஒரு வரியை எழுதினேன். பிறகு பலகத்தின் இயக்கத்தையே நிறுத்தும் இன்னொரு வரி. இரண்டு பலகங்களும் ஒரு கணம் மறைந்தன. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அடுத்த கணம் முதல்நாள் இருந்ததுபோலத் தாமாகவே திரும்பி வந்து நின்றன. "மறுகா எல்லாம் அடுக்கணுமா?" என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். "ஓம் மகள். இந்த முறை இன்னும் வடிவா அடுக்குவம்" என்றேன். அடுக்கினாள். அந்தக் குடும்பம் ஊர் திரும்பிய நாளில் அந்தக் கணினியை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா கணினி தொட்டது என் கூடப்பிறந்த அண்ணா கனடாவுக்குப் போன பிறகு. வீட்டுக்கு ஒரு பழைய கணினி வாங்கி, மேல் பலகத்தை மிகத் தடிப்பாக்கி, மூன்றே மூன்று பொருட்களை வைத்தேன். அண்ணாவுடன் பேசுவதற்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று, அணைப்பதற்கு ஒன்று. அவற்றோடு மணிக்கூடு. 2008 இல் வந்த க்னோம் 2.22 இல் அந்த மணிக்கூடு வேறு ஊர்களின் நேரத்தையும் காட்டத் தொடங்கியது. அழுத்தினால் சின்ன உலகப்படம் விரியும். இரவு கிடக்கும் பக்கம் நிழலாகவும் பகல் பக்கம் வெளிச்சமாகவும் இருக்கும். தொரன்ரோவை அதில் சேர்த்துவிட்டேன். அம்மாவுக்கு எழுத்தோ எண்ணோ தேவைப்படவில்லை. நிழல் விலகியதா என்று மட்டும் பார்ப்பா. "அவனுக்கு விடிஞ்சிற்று. இப்ப எடுக்கலாம்" என்பா. எழுவானும் படுவானும் அந்தப் படத்தில் ஆற்றை விட்டு உலகம் முழுக்கப் பரவியிருந்தன.

2011 இல் எல்லாம் மாறியது. ஏப்பிரலில் க்னோம் 3 வந்தது. அதே மாதம் வந்த உபுண்டு 11.04 இல் யூனிட்டி என்ற புதிய முகம். சின்னத் திரைகளில் இடம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று, ஒவ்வொரு சாளரத்தின் மெனுப்பட்டையையும் கழற்றித் திரையின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். சுட்டி அங்கே போனால்தான் எழுத்துகள் தெரியும். இடப்பக்கம் ஒரு நெடிய பட்டை. அதை வேறு பக்கம் வைக்க வழியில்லை. கீழே இறக்க விட்டது 2016 இல்தான். அழகாக இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா திரையின் முன் இருந்து, இருட்டில் கை நீட்டியவள் உப்பைக் காணாததுபோலத் தடவினா. எங்கே வைக்க விருப்பம் என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

அதே வருடம், பழைய க்னோம் 2 கைவிடப்படக் கூடாது என்று ஆர்ஜென்ரினாவில் ஒருவர் அதன் மூலநிரலை எடுத்துத் தொடரத் தொடங்கினார். தங்கள் பக்கத்துக் குடிபானத்தின் பெயரையே வைத்து மாத்தே என்றார்கள். மூன்றாவது விரலை அண்ணன் எதற்கு மடக்கினார் என்று அன்று இன்னும் நன்றாக விளங்கியது. மாற்றலாம் என்ற உரிமைக்குள், மாறாமல் வைத்திருக்கலாம் என்ற உரிமையும் இருக்கிறது. அம்மாவின் கணினியில் மாத்தேயைப் போட்டேன். மேல் பலகம் திரும்பி வந்தது. அம்மாவின் கை நேரே தொரன்ரோவுக்குப் போனது.

கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். 1924 இல் கட்டிய இரும்புப் பாலம், லேடி மனிங் என்று பெயர். ஒற்றை வழி. ஒரு பக்க வாகனங்கள் போகும் வரை மறுபக்கம் காத்து நிற்க வேண்டியிருந்தது. 2013 இல் அதன் பக்கத்திலேயே அகலமான புதிய பாலம் வந்தது. பழையதை இடிக்கவில்லை. மாலையில் ஆட்கள் அதில் நடக்கிறார்கள், நின்று ஆற்றைப் பார்க்கிறார்கள். அவசரத்துக்குப் புதியது, காலுக்குப் பழகிய நடைக்குப் பழையது.

அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. 2025 ஒக்டோபரில் தம்பியின் மகள் ஒரு மடிக்கணினியோடு வந்தாள். அந்த மாதம் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான ஆதரவு நின்றது. அவளுடைய மடிக்கணினி அடுத்ததை ஏற்காது. புதிது வாங்கும் விலையை நினைக்கவும் முடியாது. "மாமி, உங்கட லினக்ஸைப் போட்டுத் தாங்களேன்" என்றாள். லினக்ஸ் மின்றின் மாத்தே பதிப்பைப் போட்டேன். கீழே ஒரு பலகத்தோடு எழுந்து வந்தது. என் கை அவளைக் கேளாமலே வலப்பக்கத்தை அழுத்தி அதை மேலே கொண்டுபோய், கீழே இன்னொன்று சேர்க்கப் போனது. எழுவான், படுவான்.

அப்போதுதான் அவள் சுட்டியை எடுத்துத் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டதைக் கவனித்தேன். இடக்கைக்காரி. தம்பியும் அப்படித்தான் பிறந்தான். இடக்கையால் எழுதினால் ஆகாது என்று பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் அந்தக் கையைக் கட்டாத குறையாக மாற்றிவிட்டோம். உப்பைக் கைக்குத் தெரியும் இடத்தில் வைத்த அம்மாவும் அதில் சேர்த்திதான். அன்றைய வழக்கம் அது. இன்று யாரும் அவள் கையை மாற்றச் சொல்வதில்லை.

என் கையை எடுத்துக்கொண்டேன். "இத எங்க வைக்க விருப்பம் உனக்கு?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. பலகத்தை இடப்பக்கம் நிமிர்த்தி நிறுத்தினாள். சுட்டியின் பொத்தான்களை இடம் வலமாக மாற்றினாள். மெனுவை அடியில் வைத்தாள், மணிக்கூட்டை நடுவில் வைத்தாள். சேர்க்கக்கூடியவற்றின் பட்டியலை இறக்கிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள். "மாமி, இதில மீன் ஒண்டு இரிக்கி."

"ஓம். அது எங்கட மீன்" என்றேன். எங்கே விடுவது என்று கேட்டாள். அதையும் அவளிடமே விட்டுவிட்டேன். பலகத்தின் உச்சியில், இடது மூலையில் விட்டாள். நான் அத்தனை வருடமும் மெனுவை வைத்திருந்த அதே மூலையில். பிறகு நான் அந்த மடிக்கணினியைத் தொட்டபோதெல்லாம் என் கை பழக்கத்தில் அங்கேதான் போய் நின்றது. மீன் வாலை ஆட்டியது.